பதினாலு இலை

மதிலுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே
பதினோரு அடி நீளம், நாலரை அடி அகலம்.
எர்ணாவூரில் எங்கள் சொந்த மண் என்று சொல்ல ஆசைதான்,
ஆனால் மண் என்றே சொல்ல முடியாது.
மேலே கட்டடம் கட்டிய ரப்பிஷ், அதன் கீழ் சாம்பல்,
அதற்கும் கீழே
கடப்பாரை முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது
ஒரு மட்டிச் சிப்பி.

வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கணும்,
ஒரு இலை கொட்டக் கூடாது.
இது பாண்டுரங்கனின் நிபந்தனை.
கன்டெய்னர் யார்டில் பெட்டி எண்ணுகிறவன்.
எந்தப் பெட்டி போனால் என்ன, எது வந்தால் என்ன,
ராத்திரிக் கணக்கு சரியாக வர வேண்டும் அவனுக்கு.

கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினோம்.
நெட்டிலிங்கம் என்றான். பேங்க் வாசலில் பார்த்திருக்கிறான்,
யூனிஃபார்ம் போட்டு நிற்கிற மரம்.
நான் அடித்தேன். அதன் நிழலில் ஒரு நாற்காலி போட முடியாது.
வாதாம் என்றேன். அவன் அடித்தான்.
சிவந்து சிவந்து மொத்தமாகக் கொட்டும்,
பக்கத்து வீட்டு ரெஜினாக்கா துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.
அரளி உப்புக் காற்றுக்கு அசராது,
ஆனால் எங்கள் சுகிர்தா எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயது.
அதன்மேல் மட்டும் இரண்டு பேர் கோடும்.
இட்லிப்பூ வேலிக்கு இருக்கட்டும்.
மகிழத்துக்கு ஒரு கேள்விக்குறி.
முருங்கை என்றும் எழுதியிருந்தது.
யார் எழுதியதென்று இன்றுவரை இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மணலி போகிற சாலையில், ட்ரெய்லர்களுக்கு நடுவே, நர்சரி.
இருபது வயதுப் பெண் ஒருத்தி. ஒரு காதில் இயர்போன்,
இன்னொரு காது எங்களுக்கு.
‘கொட்டாத மரம்னா பிளாஸ்டிக்லதாண்ணா கெடைக்கும்.
பச்ச மாறாததுன்னா
எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டாது, அவ்ளோதான்.
பழசு ஒண்ணு போவும், புதுசு ஒண்ணு வரும்,
நீங்க பாக்காத நேரமா.’
சொல்லிக்கொண்டே
துப்பட்டா நுனியால் ஒரு இலையைத் துடைத்தாள்.
கொடுங்கையூர்ப் புகையோ அனல்மின் சாம்பலோ
அந்தத் தூசுக்கு அடியிலிருந்து வந்தது பச்சை,
எண்ணெய் தேய்த்துத் தலைவாரியதுபோல,
நடுநரம்பிலிருந்து நெருக்க நெருக்கமாய்
கோடு போட்ட நோட்டு மாதிரி.
‘புன்னை. கடலோரத்து ஆளு. எதுன்னாலும் தாங்கும்.
மெதுவாதான் வளரும்.’
எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன்.
‘உங்க லோன் எத்தினி வருஷம்?’

நூற்றெண்பது சொல்லி நூற்றைம்பதுக்குத் தந்தாள்,
ஒரு மூட்டை செம்மண் தனிக்காசு.
வண்டியில் எனக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது.
மேம்பாலத்தில் கடல்காற்று அடித்தபோது
என் மோவாயில் தட்டித் தட்டி ஏதோ கேட்டது.

நட்டோம்.
வேர் ஒருநாள் டேங்கைத் தொடும்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
தண்ணி லாரி வருகிற நாளில் அரிசி களைந்த தண்ணீர் வேருக்கு,
ஒரு சொம்பு நல்ல தண்ணீர், மனசு கேட்காமல், இலைகளுக்கு.
துடைத்த துணியைப் பிழிந்தால் பென்சில் நிறம்.

பதினாலு இலையோடு வந்தது.
முதல் நாளே எண்ணி வைத்துக்கொண்டான் பாண்டுரங்கன்.
அப்புறம் மூன்று வாரம் நைட் ஷிஃப்ட்.
விடிந்து வருவான், கண்ணை மூடுவான்.
இரண்டாவது வாரத்தில் அடியிலை ஒன்று மஞ்சளாகி விழுந்தது.
இன்னொன்று
காற்றோடு மதிலேறி ரெஜினாக்கா வாசலுக்கே போய்விட்டது.
கோலத்தின்மேல் கிடந்ததை
அவள் பார்ப்பதற்குள் குனிந்து எடுத்துவந்தேன்.
உச்சியில் இரண்டு கையும் கூப்பிய மாதிரி ஒரு மொட்டு
மூன்று நாள் யோசித்து
எதிரெதிராய்ப் பிரிந்தது.

நாலாவது ஞாயிறு, லுங்கியோடு போய் நின்று
விரல் வைத்து எண்ணினான்.
பதினாலு.
திரும்பவும் எண்ணினான்.
‘ஒண்ணுகூட கொட்டல பாத்தியா’ என்றான்.
ஆமாம் என்றேன்.
துடைப்பத்தைக்
கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.