நாற்பதைத் தாண்டினால்

முப்பத்தெட்டில் இல்லை.
நாற்பதைத் தொட்டதும் தொடங்கும்,
மூன்றாவது கியரில், இடப்பக்கம், எங்கோ.
டக். டடக். டக்.
பல்லிடுக்கில் சிக்கிய மீன்முள்ளை
நாக்கு தேடுவதுபோல்
வேதாளை விலக்கிலிருந்து உச்சிப்புளி கேட் வரை
அதையே துழாவிக்கொண்டு வருவேன்.
அக்கரை ஸ்டேஷனில் ஒருத்தி
மழை வருமென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.
பாதியில் அணைத்தேன்.

டேஷ்போர்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
உள்ளே கிடந்ததையெல்லாம் பாயில் கொட்டினேன்:
இன்சூரன்ஸ் தாள், டார்ச், செத்த பேட்டரி இரண்டு,
முந்தைய ஓனரின் கல்யாணப் பத்திரிகை,
யாருடையதோ ஒற்றைக் கொலுசு மணி.
மணிதான் என்று நினைத்துச் சிரித்தேன்.
மறுநாள், நாற்பதில், டடக்.

ஜாக்கியைப் பழைய கைலியில் சுற்றினேன்.
ஸ்டெப்னியை வீட்டில் இறக்கிவிட்டு
பிஸ்மி சொல்லி ஓட்டினேன்.
சன்வைசரைக் கழற்றினேன்.
வெயில் வந்தது. சத்தமும் வந்தது.

மெக்கானிக் இருளாண்டி பின்னால் ஏறி
கதவோடு காதை ஒட்டி உட்கார்ந்தார்.
பிரப்பன்வலசை வரை போனோம்.
ஒன்றும் இல்லை.
"வண்டி நல்லாத்தான இருக்கு, ஹமீதுகனி.
ஒனக்குத்தான் காதுல என்னமோ."
இருநூறு வாங்கிக்கொண்டார்.
அவரைக் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.
டக். டடக்.

பாசிக்குப் போகிற பெண்கள் எட்டுப் பேரை ஏற்றினாலோ
வண்டி பெட்டிப்பாம்பு.
சொன்னேன். சிரித்தார்கள்.
"எங்க சத்தத்தக் கேட்டு அதுக்கு வெக்கம்."
பாக்கியலீலா மட்டும் சிரிக்கவில்லை.
கதவோரம் அவள் இடம்.
முங்குகிற கண்ணாடி மடியில் கிடக்க
ஒவ்வொரு விரலாகத் துணி சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"ஆளு இருந்தா வராதா, இல்ல
ஆளு சாஞ்சா வராதா?"

நான் அதை யோசித்ததே இல்லை.

ஓட்டிக்கொண்டே எப்படிப் பின்னால் போய்க் கேட்பது?
"நான் ஓட்டுறேன்" என்றாள்.
லைசென்ஸ் எடுத்து நாலு வருஷமாம்.
ராம்நாட்டில் எட்டுப் போட்டுக் காட்டியதோடு சரி,
அதற்கப்புறம் யாரும் சாவி தரவில்லையாம்.
என் தம்பிக்கே நான் தந்ததில்லை.
தந்தேன்.
அந்தச் சத்தம் அப்படிப் படுத்தியிருந்தது.

மத்தியானம், பாசி எடை போட்டு முடிந்து
ஈரச் சட்டையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.
சீட்டை மடக்கி வெறும் தகரத்தில் மல்லாந்தேன்,
எதையும் தொடாமல், கைகளை நெஞ்சில் கட்டி,
மையித்துபோல.
முதல் கியரில் உதறியது. இரண்டில் முனகியது.
மூன்றில்
சன்னலில் பனைகள் ஓடத் தொடங்கின.
"முப்பது" என்று கத்தினாள். "முப்பத்தஞ்சு."
"நாப்பது!"

டக்.

கதவுக்குள்.
காதை வைத்தேன், நின்றது.
எடுத்தேன், டடக்.
இரண்டு மாதமாக
கேட்க வந்தவர்களே அதன் வாயைப் பொத்தியிருக்கிறோம்.

சவுக்கு நிழலில் நிறுத்தி அட்டையைக் கழற்றினோம்.
ஒரு கைப்பிடி மணல். உப்பில் பூத்த துரு.
பூட்டை இழுக்கும் நீளக் கம்பி
சும்மா தொங்கிக்கொண்டிருந்தது,
அதைப் பிடித்திருக்கவேண்டிய பிளாஸ்டிக் கிளிப்
நகமளவு, உடைந்து, அடியில் கிடந்தது.
ராம்நாட்டில் கிடைக்கும். இன்றைக்குக் கடை இல்லை.

அவள் சுட்டுவிரல் துணியை அவிழ்த்தாள்.
பாறை கிழிக்காமலிருக்கக் கட்டியது,
எப்போதோ பச்சைப் பூப்போட்ட சேலை.
கம்பியில் நாலு சுற்று.
வலைநரம்பால் இறுக்கிப் பல்லால் அறுத்தாள்.

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள்.
சாவி கேட்க மறந்துவிட்டேன் என்று
வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.
நாற்பது. நாற்பத்தைந்து.
டயர். காற்று.
நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் கியர் மாற்றும்போது
சின்னதாக ஒரு 'ம்'.

உச்சிப்புளியில் கேட் போட்டிருந்தது.
ராமேஸ்வரம் பாசஞ்சருக்காக நின்றோம்.
"அம்பதுல போனா வேற சத்தம் வருதான்னு
பாக்கணும்" என்றாள்,
கேட்டுக்கு அந்தப்பக்கத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே.