ஒழுகல்

ஓர்ஃபெலினாவுக்கான ஒன்பதாம் இரவு ஜெபம் முடிந்து
கடைசி ஆளும் படகேறிப் போன மறுநாள்
கூரைமேல் ஏறினேன்.
பதினொரு வருடமாக ஏறுகிறேன், ஏறுகிறேன் என்று
சொல்லிக்கொண்டிருந்த கூரை.

இரண்டே மரஓடுகள்தான்,
அலெர்ஸே மரத்தில் செதுக்கியவை, உள்ளங்கை அகலம்.
நான்கு ஆணி. கால் மணி நேரம்.
இறங்கி வந்து கை கழுவும்போது
இவ்வளவுதானா என்று
வெட்கமாக இருந்தது.

இந்தத் தீவில்
மழைக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.
மழை இல்லாத நாளைத்தான்
பேர்சொல்லி ஞாபகம் வைத்திருப்போம்.
அவள் கணக்கு வேறு:
"இது மழை இல்லை, சும்மா நனைக்கிறது."
நனைத்த நாளெல்லாம் அடுப்புக்கு மேலே கம்பி கட்டி
துணி உலர்த்தினாள்.
உருளைக்கிழங்கு வேகும் ஆவியில்
பாதி வெந்து, பாதி காய்ந்தன
என் காலுறைகள்.

நல்லவள், நல்லவள் என்று
ஒன்பது இரவும் சொல்லிவிட்டுப் போனார்கள்.
அவ்வளவு நல்லவள் இல்லை.
முட்டையை எண்ணித்தான் கடன் கொடுப்பாள்.
திரும்பி வருவது சின்ன முட்டையாக இருந்தால்
முகத்துக்கு நேரே சொல்வாள்.
வேலி ஒரு முழம் நகர்ந்ததற்காக
நோல்பெர்த்தோவிடம் ஆறு வருடம் பேசவில்லை.
அவன் பசு கன்று போட முடியாமல் கதறிய இரவில்
லாந்தரை எடுத்துக்கொண்டு தானாகப் போனாள்.
தோள்வரை கைவிட்டு
இழுத்துப் போட்டுவிட்டு
அப்போதும் பேசாமல் வந்தாள்.
கன்றிடம் மட்டும் ஏதோ சொன்னாளாம்.

அவனும் ஒன்பது இரவும் வந்தான்.
தொப்பியைப் பிசைந்தபடி கதவோரம் நின்றான்.
உட்கார் என்று நானும் சொல்லவில்லை.
அவள் சார்பில்தான் சொல்லவில்லை
என்று இப்போது தோன்றுகிறது.

கசிவுக்கு அடியில் அவள் வைத்திருந்தது
விளிம்பில் சில்லுப் போன நீல எனாமல் பானை.
அதற்காக என்னை ஒருநாளும் திட்டியதில்லை.
சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்
நிறைந்ததை வெளியே கொட்டிவிட்டு
சத்தமில்லாமல் திரும்ப வைப்பாள்.
வெறும் பானையில் விழும் முதல் சொட்டு:
டங்.
நான் என் தட்டைப் பார்ப்பேன்.

இரவில் அந்தச் சொட்டைக் கேட்டே
கண் திறக்காமல் வானிலை சொல்வாள்.
"காற்று வடக்கே திரும்பிடுச்சு. படகை மேலே ஏத்திக் கட்டு."
இரண்டு முறை தப்பாய்ப் போனது.
இரண்டையும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

சுக்காவோ குருவி வலப்பக்கம் கத்தினால் நல்ல சகுனம்,
இடப்பக்கம் கத்தினால் வீடு திரும்பு என்பார்கள் இங்கே.
மருத்துவமனைக்குப் படகேறிய காலையில்
அது இரண்டு பக்கமும் கத்தியது.
"முதல்ல அதை ஒரு முடிவுக்கு வரச் சொல்லு" என்றாள்,
என் கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டு.
கை ஐஸாக இருந்தது.
நான் குருவியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்,
அக்கரை வரைக்கும்.

முந்தாநாள் ராத்திரி முழுக்கப் புயல்.
கூரை ஒரு சொட்டு விடவில்லை.
மரம் முறிகிற மாதிரி சத்தம் எங்கேயோ,
அப்புறம் கடல்,
அப்புறம் வீட்டுக்குள்ளே ஒன்றுமே இல்லை.
காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லாமல்
விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.
படகு என் நினைவுக்கே வரவில்லை.

காலையில் கரையில் படகைக் காணோம்.
கூழாங்கல்லில் இழுத்த தடம் மட்டும்.
தடத்தோடு நடந்தேன்.
நகர்ந்த வேலிக்கு அந்தப் பக்கம்
நோல்பெர்த்தோவின் கம்பத்தில்
இரட்டை முடிச்சு போட்டுக் கட்டியிருந்தது.
துடுப்புகள் உள்ளே, காய்ந்த சாக்கால் மூடி.
அவனைக் காணவில்லை.
புகைபோக்கியில் மட்டும் புகை.

வீட்டுக்கு வந்து கோழிக்கூண்டைத் திறந்தேன்.
ஏழு முட்டை.
பெரியதாகப் பார்த்து எடுத்து
நீலப் பானைக்குள் வைக்கோல் போட்டு அடுக்கினேன்.
வெளியே மழை இல்லை, சும்மா நனைத்துக்கொண்டிருந்தது.

அவன் கதவைத் தட்டுமுன்
இன்னொரு முறை எண்ணினேன்.