சும்மா இருந்த நாளின் கணக்கு

வேலை போன பதினோராம் நாள்.
யீஷூன், ஒன்பதாம் மாடி.
மின்தூக்கி திறந்து திறந்து மூடியது,
எனக்காக இல்லை.

'சும்மாதானே இருக்கே?'
குரல்பதிவில் மச்சான் இன்பநாதன்.

இரவு பத்துக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
காலடி 212.
கலோரி 1,480.

பழுதென்று நினைத்துத் துடைத்தேன்,
அப்புறம்தான் தேடிப் படித்தேன்.
படுத்துக் கிடப்பவனுக்கும்
மணிக்கு அறுபது சொச்சம் செலவாம்:
நெஞ்சு அடிக்க, மூச்சு இழுக்க,
ஷூ கடித்த குதிகால் புண்
தோல் மூட.

'உள்ளே ஓவர்டைம் ஓடுது மச்சான்'
என்று அனுப்பிவிட்டுக்
கீழே இறங்கினேன்.

இரவுக் கடையில்
கோப்பி ஓ கொசோங்.
பன்னிரண்டுக்குக்
கடிகாரமும் கொசோங்.

கோப்பி ஆறுவதற்குள்
ஒன்பது.