மாங்குளத்தில் வலப்பக்கம்

ஒன்பது வருசமும் சித்திரை லீவில்
எங்கள் வான் மாங்குளம் சந்தியில்
இடப்பக்கம்தான் திரும்பும்.
இந்த முறை சாரதி வலப்பக்கம் சிக்னல் போட்டான்.
குகனேசன் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.
நான் கைப்பையைத் திறந்து
ஒன்றும் எடுக்காமல் மூடினேன்.

பிள்ளைகள்தான் கேட்டதுகள்.
"அங்கை ஒரேயொரு சறுக்கல், அம்மா.
அதுவும் நடுவிலை நிண்டிடும்."

உண்மைதான்.
அந்த நீலச் சறுக்கலின் மூன்றாம் வளைவில்
தண்ணீர் போதாது.
பின்னால் வருகிறவர் முதுகில் வந்து மோதி
இரண்டு பேருமாய்த்தான் இறங்கவேண்டும்.
நாங்கள் இருவரும் ஆறு நாள் கதைக்காமல் போன வருசம்
அந்த வளைவில்தான் கோபம் தீர்ந்தது.

ஓமந்தைக்குக் கிட்ட, எட்டே எட்டு அறை.
நாலாம் அறை எங்களுடையது.
கட்டிலின் ஒரு காலுக்குக் கீழே
மடித்து வைத்த சிகரெட் பெட்டி,
வருசத்துக்கு வருசம் மெலிந்துகொண்டு.
முதல்முறை போனபோது வேலிக்கு அங்கால
மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நின்றது.
"பந்து அங்கால போனா விடுங்கோ,
வேறை பந்து தாறன்" என்றார் மனேச்சர்.
அலுமாரி நிறையப் பந்து வைத்திருந்தார்.
பிறகு பலகையைக் கழற்றினார்கள்.
பந்துகள் இன்னும் இருக்கின்றன.

முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம்.
இடப்பக்கம் திரும்புகிறவர்கள் வழியில்
இந்தப் பிள்ளையார் இல்லை.
ஒன்பது வருசப் பாக்கியைக் கேளாமல்
ஒரே அடியில் சிதறவிட்டார்.
ஆளுக்கொரு சுருள் கச்சான்.

புது இடத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை
"முதல் தரமா வாறீங்கள்?" என்று கேட்டாள்.
இரண்டாம் கலியாணத்துக்குப்
பதிவுகாரர் முன்னால் நிற்பது போல
எனக்குக் கூச்சமாய் இருந்தது.
மணிக்கட்டில் பச்சைப் பட்டி ஒட்டினாள்.
நனையாது, கிழியாது, என்றாள்.

ஐந்து சறுக்கல்.
ஒன்றிலும் எவரும் இடையில் நிற்கவில்லை.
ஒருவரோடும் நான் மோதவும் இல்லை.

பிறகு அலைக்குளம்.
முல்லைத்தீவில் கடல் வைத்திருக்கிற நாங்கள்
காசு கட்டி அலைக்கு வரிசையில் நின்றோம்.
மணி அடித்தால் வரும்.
மறு மணிக்கு நின்றுவிடும்.
அந்த மார்கழிக்குப் பிறகு
கடலில் காலே நனைக்காத குகனேசன்
மதிலில் இருந்து இரண்டு தரம் பார்த்தார்,
மணிக்கூட்டை வைத்து.
மூன்றாம் மணிக்கு இறங்கினார்.
முழங்கால், இடுப்பு, நெஞ்சு.
அங்கே நின்று எனக்குக் கையைக் காட்டினார்.
நானும் காட்டினேன்.
பக்கத்தில் நின்ற பெண் என்னிடம்
தண்ணீர் கண்ணுக்குள் போய்விட்டதோ என்று கேட்டாள்.
ஓம் என்றேன்.

அன்றிரவு கட்டில் ஆடவில்லை.
நித்திரைதான் வரவில்லை.

திரும்பும்போது மாங்குளத்தில் தேத்தண்ணி.
கடைக்குள் யேசுரட்ணம்!
நீலச் சறுக்கலடியில் விசில் ஊதுகிறவர்,
அபிசனாவை மிதக்கப் பழக்கினவர்.
லீவாம், அடம்பனுக்குப் போக நிற்கிறாராம்.
என் வலக்கை தானாகவே சேலைக்குள் போனது.

"இந்த முறை காணேல்லை?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றார் குகனேசன்.

மூக்குத் தோல் வெயிலில் உரிந்து
தலை ஈரம் சொட்ட
அபிசனா பற்றீஸ் தின்றுகொண்டிருந்தாள்.
அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.
"இப்ப விட்டிட்டுது" என்றார்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
பிறகு அவரே சொன்னார்:
"மூண்டாம் வளைவுக்குப் புது மோட்டர் பூட்டியாச்சு, அக்கா.
இனி நடுவிலை நிக்காது."

ஏன் பூட்டினீர்கள் என்று கேட்க வந்த வாயை
அடைக்கவென்று கோப்பையைத் தூக்கினேன்.
கையோடு பச்சைப் பட்டியும் வெளியே வந்துவிட்டது.

அவர் எழும்பிப் போய்
பஸ் வருகிறதா என்று பார்த்தார்.