முப்பத்தொன்று புள்ளி ஆறு

ரிம்விதாஸ் மூன்றாம் முறையாக வந்திருக்கிறான்.
பூட்ஸின் பனியை வாசலில் தட்டிவிட்டு
நான் கேட்பதற்கு முன்பே சொல்கிறான்:
'நான் தொடவேயில்லை.'

ஓப்பலின் டிக்கியைத் திறக்கிறேன்.
கருகிய வார்னிஷ், இளகிய பசை,
வாய்ஸ் காயில் வெந்து செத்த நாற்றம்.
கெயின் திருகின் மேல்
போன மாதம் நான் வைத்த நகப்பூச்சுப் பொட்டு
பாதி இருந்த இடத்தில் இருக்கிறது,
பாதி திருகோடு போய்விட்டது.
என் விரல்களிலும் அதே பவழச் சிவப்பு.
நகத்தைப் பார்க்கிறான், திருகைப் பார்க்கிறான்,
பிறகு ஹீட்டரைப் பார்க்கிறான்.

கௌனாஸில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்,
கெயின் என்பது வால்யூம் இல்லை என்று.
முன்னால் இருக்கும் ரேடியோ எவ்வளவு சொல்லும்,
பின்னால் இருக்கும் ஆம்ப் அதில் எவ்வளவு தாங்கும்,
இரண்டுக்கும் நடுவில் ஓர் உடன்படிக்கை,
அவ்வளவுதான்.
மீறினால் அலையின் உச்சியைச் சீவிவிடும்.
குன்று மேசையாகும்.
ஏறிய காயில் இறங்க வழியில்லாமல்
நின்ற இடத்திலேயே வேகும்.
தலையாட்டுவார்கள்.
எல்லாரும் நன்றாகத்தான் தலையாட்டுவார்கள்.

இம்முறை திட்டவில்லை.
மைனஸ் பதினெட்டில் திட்டினால்
வாயிலிருந்து ஆவிதான் வருகிறது.
'ஏன்?' என்று மட்டும் கேட்டேன்.

ஷிலைனியாயில்
கான்கிரீட் பலகைகளை அடுக்கிய ஒன்பது மாடி வீடு,
அதில் ஐந்தாவது.
அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் தூங்குவாள்.
அக்காள் புருஷனுக்கு பேக்கரியில் விடியல் வேலை,
மாலையிலேயே படுத்துவிடுவான்.
கைக்குழந்தை எப்போது தூங்கும் என்று
யாருக்கும் தெரியாது.
கரண்டி கிண்ணத்தில் படாமல்
சூப் குடிக்கப் பழகிவிட்டதாம்.
சுவருக்கு அந்தப்பக்கம் யாத்விகா தும்மினால்
இங்கிருந்தே 'நூறாயுசு' சொல்லலாமாம்.
அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்கிறானாம்.

'கத்துவதற்கு எனக்கு இந்தக் கார்தான் இருக்கு.'

புது வூஃபர் பொருத்தினேன்.
கூலியைப் பாதியாக்கினேன்.
முழுதும் விட மனசு வரவில்லை,
வாடகை ஜனவரியிலும் உண்டு.

அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்த்தினேன்.
ஸ்பீக்கர் கம்பிகளைப் பிரித்தேன்.
பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன்.
'ஐம்பது ஹெர்ட்ஸ் ஓடவிடு, வால்யூம் முக்கால்.'
'ஒண்ணும் கேக்கலையே.'
'கேக்காது. ஏத்து.'

ஆம்ப்பின் வாயில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகள்.
ஐந்நூறு வாட், இரண்டு ஓம்.
பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால்
முப்பத்தொன்று புள்ளி ஆறு.
மயிரிழை திருப்பினேன், இருபத்தி நான்கு.
இன்னொரு மயிரிழை, முப்பத்தி மூன்றரை.
சிறிசு பின்வாங்கினேன்.

இந்த வண்டி இனிப் போடப்போகும் ஆகப்பெரிய கூச்சல்
ஒரு சத்தமும் இல்லாமல்
என் கையில் எண்ணாக நின்றது.
முன் இருக்கையில்
அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தான்.

நகப்பூச்சு குளிரில் தேனாக இறுகியிருந்தது.
ஹீட்டரில் காட்டி இளக்கி, திருகின் மேல் பொட்டு வைத்தேன்.
'நானும் ஒண்ணு வைக்கட்டுமா?' என்றான்.
குப்பியைக் கொடுத்தேன்.
என் பொட்டுக்குப் பக்கத்தில்
கோணலாக, தேவைக்கு மேல் பெரிதாக ஒன்று.
இரண்டும் காயும் வரை
ஆளுக்கொரு பக்கம் குனிந்து ஊதினோம்.

கம்பிகளைச் சேர்த்தேன்.
வெளியே எடுத்துப்போய் நிறுத்திப் போட்டான்.
முதல் அடிக்குக் கூரைப் பனி துள்ளியது.
இரண்டாவதற்கு மொத்தமாகச் சரிந்து
கண்ணாடியை மூடியது.
வைப்பரைப் போட்டான்.
வழித்த அரைவட்டத்தில் அவன் முகம், அகலத் திறந்த வாய்.
தொண்டை நரம்பு புடைக்க எதையோ கத்திக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.