ஆள் உண்டு

அசிங்கம் என்று மெரெரிட் ஒருநாளும் சொன்னதில்லை.
கட்டி முடித்த ஞாயிறு மாலை
தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றாள்,
ஒரு சுற்று சுற்றி வந்தாள்,
"ஒழுகாது, இல்லையா?" என்றாள்.
அடுத்த சனிக்கிழமை
கிளமாட்டிஸ் கன்று ஒன்று வாங்கி வந்தாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.
ஹெவின் பிரித்துப் போட்ட கோழிக்கூட்டின் பலகை.
பள்ளிக்கூடச் சைக்கிள் நிறுத்தத்தின் தகரம்.
ரக்பி கிளப்பின் கழிப்பறைக் கதவு,
பூட்டினால் சிவப்பும் திறந்தால் வெள்ளையும் காட்டும்
தாழ்ப்பாளோடு அப்படியே.
மிச்சமிருந்த மூன்று டப்பா பெயிண்டையும் கலந்து அடித்தேன்.
வந்த நிறத்துக்கு நீத் நகரில்
இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.
ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நிலம் சரிவு என்றேன்.
நிலத்தில் சரிவு இல்லை.

அவள் வாங்கிய ஒவ்வொரு கன்றும் ஒரு கருத்து.
கதவருகே ஹனிசக்கிள்.
தெற்குச் சுவருக்கு ஏறுரோஜா;
குழி தோண்டியது நான்,
அதன் முள் ஒன்று இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு.
இவள் பூசணிக்கொடியைக் கூரையில் ஏற்றி
முழுக் கொட்டகையையே மறைக்கப் பார்த்தாள்.
செப்டம்பரில் தகரத்தின் மேல் நான்கு காய்கள்
சப்பணமிட்டு உட்கார்ந்து
சாய்வை இரண்டு அங்குலம் கூட்டின.

நவம்பரில் எல்லாம் உதிர்ந்தது.
வெறுங்கொடிகளின் நடுவே
சட்டம் போட்ட படம் மாதிரி
என் கைவேலை.
அவள் தட்டுக் கழுவினாள், நான் துடைத்தேன்.
சன்னல் வழியே இருவரும்
பார்க்காமல் பார்த்தோம்.
"ஐவி குளிருக்கு உதிராதாம்," என்றாள்.

ஐவிக்கு மூன்று வருடம் பிடித்தது.
முதல் வருடம் தூங்கியது.
இரண்டாம் வருடம் யோசித்தது.
மூன்றாம் வருடம், மழை விடாத அந்த வருடம்,
கோழிக்கூட்டை, தகரத்தை, பெயரில்லாத நிறத்தை
ஒரே பச்சையாய் விழுங்கிவிட்டு
ஏப்பம்கூட விடாமல் நின்றது.
கார்டிஃபிலிருந்து வந்த ஹெவினின் அக்கா கேட்டாள்:
"இங்கே ஒரு கொட்டகை இருந்ததே?"
மெரெரிட்டின் முகத்தில் விளக்கேற்றியது போல் இருந்தது.
நான் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனேன்,
ஏற்கெனவே நிறைந்திருந்த கெட்டிலில்.

மார்ச்சில் மண்வெட்டி தேவைப்பட்டது.
தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து
தோளால் தள்ளித் திறந்தேன்.

உள்ளே ஐவி.
நான் அடைக்காமல் விட்ட இடுக்கு வழியே நுழைந்து
வெளிச்சம் இல்லாததால் பச்சை மறந்து
காகித நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவு இலைகளோடு
புல்வெட்டியின் கைப்பிடியைச் சுற்றி
ஆணி போட்டுவைத்த ஜாம் பாட்டில்களை
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருந்தது.
மறைக்க வந்தது
எதை மறைக்கிறோம் என்று பார்க்க வந்துவிட்டது.

மெரெரிட்டைக் கூப்பிட்டேன்.
கட்டிய நாள் முதல் அவள் உள்ளே வந்ததில்லை.
குனிந்து வந்தாள். பாட்டில்களில்
நான் ஒட்டிய சீட்டுகளைப் படித்தாள்:
'நீளம்.' 'குட்டை.' 'என்றாவது உதவும்.'
'என்னவென்று தெரியாது.'
"இதை நீயா எழுதினாய்?" என்று
சிரிக்க ஆரம்பித்தவள் சட்டென்று நின்றாள்.
ஆணியில் தொங்கும் என் பழைய மழைக்கோட்டின்
பையிலிருந்து ரென் குருவி ஒன்று
எங்கள் இருவரையும் திட்டியது.

பையில் பாசி, இறகு, நாய் மயிர்.
வெளியே வந்தோம். கதவைச் சாத்தினோம்.
அவள் வீட்டுக்குள் போய்
கத்தரியோடு திரும்பி வந்தாள்.
தாழ்ப்பாளைச் சுற்றி மட்டும்
உள்ளங்கை அளவு இலைகளை நறுக்கினாள்.
ஒரு பென்னி நாணயத்தைப் பள்ளத்தில் வைத்துத் திருகினாள்.
வெள்ளை போய்ச் சிவப்பு வந்தது.

அந்தக் கோடை முழுக்க
ஹெவினின் புல்வெட்டியை இரவல் வாங்கினேன்.
அதன் சக்கரமும் ஒரு பக்கம் சாயும்.