நீல கேட்

கயிறு இறுகினால் நில்.
தொய்ந்தால் நட.
இவ்வளவுதான் பாடம் என்றார் மண்டபத்துக் கால்நடை மருத்துவர்,
நகரையின் காதுமடலில் உண்ணி தேடிக்கொண்டே.

நகரை, மீனின் நிறத்தால் வந்த பெயர்.
ஏலக்கூடத்தில் பிறந்தது.
எந்தக் கூடையில் திருக்கை என்று
ஏலக்காரருக்கு முன்பே அதற்குத் தெரியும்.
பழைய வலைக்கயிற்றில் ஒரு பாகம் அறுத்துக்
கழுத்துப்பட்டையில் முடிந்தேன்.

தங்கச்சிமடத்தில் என் வீட்டிலிருந்து ஐஸ் கம்பெனிக்கு
நான்கு நிமிடம்.
முதல் நாள் நாற்பது ஆனது.
இழுத்தது. நின்றேன்.
இழுத்தது. நின்றேன்.
"என்னக்கா, பஸ்ஸுக்கா நிக்கிறிய?"
மீன்பாடி வண்டியில் போன சகாயராஜுக்குச் சிரிப்பு.
கச்சான் மணலை வாரி
எங்கள் இருவர் கண்ணிலும் போட்டது.

முழங்காலை உரசி வந்தால்
சுருக்குப்பையிலிருந்து ஒரு நெத்திலி.
அந்த ஞாயிறு பூசையில்
என் பெஞ்சில் நான் மட்டும்.

ஆட்டைக் கடந்தது. சேவலைக் கடந்தது.
மீன் லாரி ஒழுகவிட்ட தண்ணீரை
உடம்பெல்லாம் நடுங்கக் கடந்தது.
கடக்காதது ஒரு வாசல்:
நீல கேட், முருங்கை, முற்றத்தில் காயும் சாளை.
என் அக்கா ஜெசிந்தாவின் வீடு.

வல்லம் விற்ற பணத்தில் பேச்சு அறுந்து
மூன்று வருடம், நான்கு மாதம்.
முகத்தைக் கடல் பக்கம் திருப்பி
செருப்பு தெறிக்க நான் தாண்டும் இடம்.
இப்போது பாடம் என்றால் பாடம்.
நாய் இழுத்தது. நின்றேன்,
தவணை கேட்டு வந்தவள்போல
அவள் கண்ணெதிரே.

ஜன்னல் சாத்தினாள்.
மூன்றாம் நாள் சாத்தவில்லை.
ஆறாம் நாள் உள்ளிருந்து குரல், எனக்கல்ல, நாய்க்கு:
"வெறும் வயித்தோடயா ஒன்ன இழுத்துட்டு வாறா?"
வேலிக்கு மேலாக ஒரு சாளை பறந்து வந்தது.

மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார்.
"இழுத்ததுக்குக் கூலி குடுத்தா
எந்த நாய்ம்மா கேக்கும்?"
மறுபடி முதலிலிருந்து.

கச்சான் ஓய்ந்து
காற்று திசை தடுமாறும் புரட்டாசி.
நீல கேட் வருகிறது.
சாளை காய்கிறது.
நகரையின் மூக்கு மட்டும் திரும்புகிறது,
கால்கள் என் கால்களோடு.

இன்னும் நாலடி வைத்திருக்கும்.
கயிறு இறுகியது.

நகரை நின்றது.
திரும்பி என்னைப் பார்த்தது,
நான் வரட்டும் என்று.